படம் மாதிரி வரவில்லை என்று பிள்ளை அழும்போது

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கணவர் சவுதியில் இருக்கிறார். மகனுக்கு 5 வயது, யு.கே.ஜி. படிக்கிறான். மகளுக்கு இரண்டரை வயது. செல்போனை மறக்கடிக்கலாம் என்று ஆன்லைனில் 799 ரூபாய்க்கு ஒரு கிராஃப்ட் கிட் வாங்கினேன். அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அடுத்து வாங்கியதும் அப்படித்தான். பெட்டி மேலே இருக்கும் படம் மாதிரி வரவில்லை என்று மகன் அழுகிறான். சின்னவள் ஸ்டிக்கரையெல்லாம் சுவரில் ஒட்டுகிறாள். மகன் பென்சில் பிடித்து எழுத மாட்டேன் என்கிறான் என்று பள்ளியிலிருந்து வேறு புகார். எனக்குப் படம் வரையக்கூட வராது. 'வீட்டை இப்படிக் குப்பையாக்கினா யாரு தூத்து வாருவா?' என்று மாமி சத்தம் போடுகிறார் (அந்தக் காலத்தில் பனையோலைப் பெட்டி முடைந்து சந்தைக்குக் கொடுத்தவர் அவர், சுத்தபத்தம் பார்ப்பவர்). அடுத்த வாரம் வீணாகப் போகும் பொருளில் ஒரு மாடல் செய்து கொண்டுவர வேண்டுமாம். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கிட்டும் அழுகையும் பென்சிலும்தான் கண்ணில் பட்டன. இரண்டாவது தடவைதான் அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்திருந்த வரி பட்டது. மாமி ஓலைப்பெட்டி முடைந்தவர் என்ற வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அழுகையிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த கிட் பெட்டியைத் திறந்து, அதில் உங்கள் மகனுக்கு என்ன வேலை மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். துணி வெட்டியாயிற்று. துளை போட்டாயிற்று. கண்ணுக்கும் மூக்குக்கும் பின்னால் பசை தடவி எண்ணும் போட்டாயிற்று. எதைச் செய்வது, என்ன நிறம், எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளைக்கு மிஞ்சியது உரிப்பதும் ஒட்டுவதும். அதுவும் மேலே இருக்கும் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். அந்தப் படத்தில் இருக்கும் பொம்மையைச் செய்தவர் அதற்குச் சம்பளம் வாங்கும் பெரியவர். 5 வயதுக் கையை அவரோடு போட்டிக்கு விட்டால் அழாமல் என்ன செய்யும்?

கிட் வாங்கவே வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ரயிலில் சென்னை போகிற ராத்திரிக்கும், காய்ச்சலில் படுத்திருக்கும் நாளுக்கும் அது உதவும். அன்றாடத்துக்கு அது போதாது, அவ்வளவுதான்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நாகர்கோவிலில் 20 வருஷத்துக்கு மேலாக என் வேலை பிள்ளைகளின் கைகளோடுதான். ஆனால் இந்தப் படம் மாதிரி வர வேண்டும் என்கிற வியாதி எனக்கும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 4 வயதுப் பெண் ஒருத்தி களிமண்ணில் ஆனை செய்துகொண்டிருந்தாள். தும்பிக்கையை வயிற்றோடு ஒட்டிவைத்திருந்தாள். நான் நல்லது செய்வதாக நினைத்து, 'இங்கேயில்ல மக்ளே, மூஞ்சியில' என்று அதைப் பிய்த்து எடுத்து முகத்தில் ஒட்டிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. களிமண்ணை மொத்தமாக என் பக்கம் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் களிமண்ணைத் தொடவில்லை. பிறகு அவளுடைய அம்மாதான் சொன்னார்: அந்த ஆனை தூங்குகிற ஆனையாம், குளிருக்குத் தும்பிக்கையைச் சுருட்டி வைத்திருந்ததாம். இப்போது பிள்ளைகள் கைவேலை செய்யும்போது என் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொள்கிறேன். அப்படியும் சில நாள் விரல் துடிக்கும்.

அதனால் உங்களுக்குப் படம் வரையத் தெரியாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. நன்றாக வரையும் அம்மாக்களால்தான் சும்மா இருக்க முடிவதில்லை.

சரி, பென்சில். எழுத மாட்டேன் என்கிற பிள்ளையிடம் இன்னும் நான்கு பக்கம் எழுது என்றால் வெறுப்புதான் வரும். பென்சிலை மூன்று விரலில் பிடித்து நகர்த்த உள்ளங்கையில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளுக்குப் பலம் வேண்டும். மணிக்கட்டு ஆடாமல் நிற்க வேண்டும். தோளும் தாங்க வேண்டும். இதெல்லாம் எழுதி எழுதி வருவதைவிட பிசைந்து, கிழித்து, முறுக்கி, கிள்ளித்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் 3 வயதுவாக்கில் வட்டம் போடுவார்கள், 4 வயதில் கூட்டல் குறி, நாலரை ஐந்தில் சதுரம். முக்கோணம் அதற்கும் பிறகு. நாலைந்து மாதம் முன்னே பின்னே இருப்பது சகஜம். கத்தரிக்கோலும் அப்படித்தான்: 3 வயதில் ஓரத்தைச் சும்மா நறுக்குவார்கள், 4 வயதில் கோட்டின் மேல் வெட்டுவார்கள், வளைவாக வெட்ட ஐந்தாகிவிடும். உங்கள் மகனிடம் சதுரம் போட்டுக் காட்டி அதேபோல் போடச் சொல்லிப் பாருங்கள். போட்டுவிட்டான் என்றால் பென்சிலைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

அவன் கைக்குத் தேவையான வேலை உங்கள் அடுக்களையிலேயே கிடக்கிறது. உள்ளி (சின்ன வெங்காயம்) உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, பயறு உரிப்பது, துவைத்த துணிக்குக் கொடியில் கிளிப் மாட்டுவது. கிளிப்பை அமுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படும் பாட்டைப் பாருங்கள், பென்சிலுக்கு வேண்டிய பயிற்சி அதேதான். இடியாப்பத்துக்கு மாவு பிசையும் அன்று ஒரு உருண்டை அவனுக்கு, ஒரு உருண்டை சின்னவளுக்கு. கடை களிமண்ணை நான் சின்னவள் கையில் கொடுக்க மாட்டேன், எல்லாம் வாய்க்குத்தான் போகும். மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், ஒரு ஸ்பூன் எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தும் வைக்கலாம். உப்பு இருப்பதால் ஒரு தடவை நக்கிப் பார்த்தவர்கள் மறுபடி நக்க மாட்டார்கள். ஆனாலும் பக்கத்தில் இருங்கள், அவ்வளவு உப்பு சின்ன உடம்புக்கு ஆகாது. இன்னொன்று: நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த மாதங்களில் இந்த மாவில் செய்த பொம்மை காயவே காயாது, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். காய வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று நினைக்காமல், செய்து, உடைத்து, மறுபடி உருட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, ஸ்பூனில் எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் கொட்டிவிடுகிறான், ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறான், பேச்சும் சேர்ந்து பின்தங்கியிருக்கிறது என்றால் கைவேலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கடிதத்தைப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியவில்லை.

இப்போது வீட்டுக்கு வெளியே வாருங்கள். வாழை நிற்கும்தானே? இலையின் தடித்த அடிக்காம்பை ஒரு விரல் நீளத்துக்குக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை மகனிடம் காட்டுங்கள். பிறை வடிவம், அதற்குள்ளே ஜன்னல் ஜன்னலாகக் காற்றறைகள். இதை நாம் தினமும் வெட்டி எறிகிறோம், பார்ப்பதே இல்லை. ஒரு தட்டில் ஈரத்துணியை நான்காக மடித்து வைத்து, மைதாப் பசையில் மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ குழைத்து அதன்மேல் தடவுங்கள். காம்பை அதில் ஒற்றித் தாளில் ஒற்ற வேண்டியதுதான். தண்ணியாக இருந்தால் காற்றறைக்குள் சாயம் ஏறிவிடும், தாளில் வெறும் திட்டுதான் விழும். தோசைமாவு பதம் வேண்டும். முதல் ஒற்றலில் அதிகம் பதியும், மூன்றாவதில்தான் ஜன்னல்கள் தெளிவாக வரும். என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருவன் அதை வள்ளம் (படகு) என்றான், இன்னொருத்தி பல் என்றாள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ கிடைக்கும், அது சின்னவளுக்கு. காம்பு பக்கம் பிடித்துக்கொள்ள அவள் கைக்குச் சரியாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது. பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மாமியின் சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை.

மைதாப் பசை வீட்டிலேயே காய்ச்சுங்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகளுக்கு வெறும் மைதாவும் தண்ணீரும் போதும், இரண்டு நாளில் புளித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சலாம்.

அடுத்தது செம்பருத்தி. சிவப்புப் பூவின் இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் சிவப்பு வராது, நீலமும் ஊதாவுமாக வரும். பிள்ளைகளுக்கு அதுவே முதல் ஆச்சரியம். காய்ந்த பிறகு எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு அதன்மேல் கோடு போடச் சொல்லுங்கள், கோடு ரோஸ் நிறமாகிவிடும். ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் தொட்டால் பச்சை தட்டும். மஞ்சள் கரைசல் தடவிய தாள் என்றால், சோப்புத் தண்ணீரில் வரைந்த படம் சிவப்பாக எழும்பும், எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பில் இன்னும் பளிச்சென்று வரும்தான். ஆனால் அது கண்ணில் பட்டால் வெந்துவிடும், சோப்பே போதும். பென்சிலைத் தொடாத உங்கள் மகன் இந்தத் தாளில் பஞ்சு சுற்றிய ஈர்க்கிலால் எவ்வளவு நேரம் கோடு இழுக்கிறான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர்க்கிலை எந்த விரல்களில் பிடித்திருக்கிறான் என்றும் பாருங்கள், ஆனால் பார்த்ததை வெளியே சொல்ல வேண்டாம்.

தென்னை ஓலைப் பீப்பி, கடிகாரம், கண்ணாடி, பாம்பு, பூவரசு இலையைச் சுருட்டி ஊதுவது, நுங்கு வண்டி இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கே மறந்திருந்தாலும் ஊரில் 10 வயதுப் பையன் எவனைக் கேட்டாலும் செய்து தருவான். ஓணத்துக்கு அத்தப்பூ போடும் வழக்கம் உங்கள் தெருவில் இருந்தால் அதில் சின்னவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை வயதில் அவளால் 'கைவேலை' செய்ய முடியாது, செய்ய வேண்டியதும் இல்லை. பிய்ப்பது, போடுவது, நிரப்புவது, கவிழ்ப்பது இதுதான் அவள் வேலை. ஐந்து நிமிடம் இருந்தால் பெரிது. தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, தெச்சிப்பூவை, அதாவது இட்லிப்பூவை, பிய்த்து உள்ளே போடச் சொன்னால் அவளுக்கு அதுவே போதும். ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கையில் பசை இருந்தது, எதிரே சுவர் இருந்தது. அடுத்த தடவை எதிரே ஒரு அட்டையை நிறுத்திவையுங்கள்.

ஆனால் எந்தப் பூ, எந்த விதை என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் அழகாக இருப்பதில் பாதி விஷம். அரளி முழுக்க விஷம்: பூ, இலை, பால் எல்லாம். செங்காந்தள் கிழங்கும் அப்படித்தான். குன்றிமணி அந்தச் சிவப்பும் கறுப்புமாக எந்தப் பிள்ளையையும் இழுக்கும். மேல்தோல் உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அதைக் கைவேலைக்குக் கொண்டுவரவே வேண்டாம், பெரியவனுக்குக்கூட. குலசேகரம், அருமனை பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் பிள்ளைகள் ரப்பர் விதையைப் பொறுக்கி வருவார்கள், அதையும் வாயில் வைக்க விடக்கூடாது. காட்டாமணக்குப் பாலில் குமிழ் ஊதி நாமெல்லாம் வளர்ந்தோம், உண்மைதான். கொட்டையைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தவர்களும் நம்மோடுதான் வளர்ந்தார்கள். மஞ்சாடி விதை, பாசிமணி, சிப்பி கூட சின்னவள் தொண்டையில் சிக்கும். கணக்கு எளிது: சுமார் 3 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழலுக்குள் நுழையும் எந்தப் பொருளும் 3 வயதுக்குக் கீழே கையில் இருக்கக் கூடாது.

கடல்மணலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். கன்னியாகுமரியில் பொட்டலமாக விற்கும் நிற மணலையும், மணவாளக்குறிச்சி பக்கத்துக் கறுப்பு மணலையும் வைத்துப் படம் செய்வது பெரியவர்களுக்குச் சரி. அந்தக் கரையின் மணலில் இல்மனைட், கார்னெட்டோடு தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை தினமும் வீட்டுக்குள் அளைந்து விளையாட அது எனக்கு வேண்டாம். குருணை அரிசியை மஞ்சளிலும் பீட்ரூட்டிலும் பிரட்டி நிழலில் காயவைத்தால் அதே வேலை நடக்கும்.

அரளி என்றதும் தோவாளை ஞாபகம் வந்துவிட்டது. அங்கே கட்டும் மாணிக்க மாலையைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்து வைத்துப் பாய் மாதிரி தட்டையாகக் கட்டுவார்கள், தூரத்தில் பார்த்தால் கல் பதித்தது போலிருக்கும். 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிள்ளைகளோடு அரளியில் செய்ய முடியாது, ஆனால் அந்த அடுக்கை எடுத்துக்கொள்ளலாம். பழைய காலண்டர் தாளிலும் நோட்டு அட்டையிலும் சிவப்பு, வெள்ளை, பச்சைப் பட்டைகளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒன்றன் மேல் ஒன்று கீழே மேலே என்று கோக்கச் சொல்லுங்கள். இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, அப்புறம் என்ன? 5 வயதில் அடுத்தது என்ன என்று ஊகிப்பதுதான் கணக்குப் பாடம். முதல் நாள் அவன் எல்லாவற்றையும் மேலே மேலே என்றே கோப்பான், பட்டைகள் பிரிந்து விழும். விழட்டும். ஏன் விழுகிறது என்று அவன் குனிந்து பார்க்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவும்.

வீடு குப்பையாவதற்கு என்னிடம் ஒரே வழிதான் உண்டு. ஒரு பழைய பாய். பாயை விரித்தால் வேலை ஆரம்பம், சுருட்டினால் முடிவு. பாயை விட்டு வெளியே எதுவும் போகக் கூடாது. சின்னச் சாமான்களுக்குச் சுளவு (முறம்). அதற்குத்தான் விளிம்பு இருக்கிறது, பட்டனும் தாளும் உருண்டு ஓடாது. ஆளுக்கொரு சுளவு இருந்தால் அண்ணன் தங்கை சண்டை பாதி குறையும். செய்து முடித்ததைக் கொடியில் கிளிப் போட்டு ஒரு வாரம் தொங்கவிடுங்கள். அப்புறம் அவனைக் கேட்டு ஒன்றை எடுத்துவைத்துவிட்டு மீதியை அடுப்புக்கு அனுப்பலாம். எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினால் அலமாரி நிறையும், அவனுக்கே ஒரு மாதத்தில் எது எது என்று தெரியாது.

போனை அடியோடு பிடுங்கவும் வேண்டாம், அப்பா பேசுவதே அதில்தானே. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. சின்னவளுக்கு அந்தக் கணக்கு. அப்பாவோடு பேசுவதை நான் அதில் சேர்க்க மாட்டேன். கணவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். மகன் படத்தைக் கேமரா முன்னால் நீட்டும்போது 'சூப்பர்' என்று முடித்துவிடாமல், 'மூலையில இந்தக் கோடு எதுக்கு மக்கா?' என்று கேட்கச் சொல்லுங்கள். சூப்பர் என்றால் பையன் ஓடிப்போய்விடுவான். கோட்டைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிடம் பேசுவான். ஊருக்கு வந்துபோகிறவர் யாராவது இருந்தால் பிள்ளைகள் இரண்டு பேரின் உள்ளங்கையையும் தாளில் வைத்து ஓரம் வரைந்து கொடுத்துவிடுங்கள். அடுத்த வருஷம் திரும்பவும்.

பள்ளி மாடலுக்கு வருவோம். இதில் எனக்குக் கோபமே உண்டு. யு.கே.ஜி. பிள்ளைக்கு மாடல் என்று சொல்லி அம்மாக்களுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதாகத்தான் இது முடிகிறது. கண்காட்சி அன்று தெர்மோகோலில் விமான நிலையமும் ஏவுகணையும் வரிசையாக நிற்கும், பக்கத்தில் அதைத் தொடக்கூட அனுமதி இல்லாமல் பிள்ளை நிற்கும். நீங்கள் அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள். தென்னையிலிருந்து விழுந்த கொதும்பு (காய்ந்த பாளை உறை) ஒன்றை எடுத்து மகன் முன்னால் வையுங்கள். அதுவே பாதி வள்ளம். தேங்காப்பட்டணம் கடற்கரைக்கு அவனைக் கூட்டிப்போயிருப்பீர்கள், அங்கே வள்ளங்கள் எப்படி நிற்கும் என்று கேளுங்கள். ஓரத்தில் சிலும்பு இருக்கும், உப்புத்தாள் கொடுத்து அவனையே தேய்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் சாயங்காலம் அதற்கே ஓடும், கைக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. தேங்காய் நாரைத் திரித்தால் வலை. பாட்டில் மூடி, ஐஸ்குச்சி, பழைய துணி எது வேண்டுமானாலும் அவன் கேட்டால் கொடுங்கள். கத்தி பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் உங்கள் கை போகட்டும், அதுவும் 'எங்க வெட்டணும்?' என்று அவனிடம் கேட்டுவிட்டு. வள்ளத்தில் இன்ஜின் தலைகீழாக இருந்தால் இருக்கட்டும். பெயர் எழுதச் சொன்னால் ஒருவேளை எழுதுவான், ஏனென்றால் வள்ளத்துக்குப் பெயர் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது என்று அவனுக்கே தெரியும். டைரியில் மிஸ்ஸுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: இதை அவனே செய்தான், வெட்டியது மட்டும் நான்.

இனி மாமி.

குப்பைக்காகத்தான் அவர் சத்தம் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒருகாலத்தில் கையால் பெட்டி முடைந்து காசு பார்த்த ஒருத்தர் 799 ரூபாய்க்கு ஒட்டுப் பொம்மை வந்து இறங்குவதையும், அது அரை மணி நேரத்தில் தரையில் கிடப்பதையும் பார்த்தால் என்ன நினைப்பார் என்றும் யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து வீட்டில் பாட்டியோ பாட்டாவோ முடையும்போது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் நாங்கள் கொடுக்கும் எந்தப் பயிற்சியையும்விட வேகமாகக் கை தேறுகிறார்கள். பெட்டி வரைக்கும் போக வேண்டாம். காற்றாடி, விசிறி, உள்ளே நாலு கல் போட்ட கிலுகிலுப்பை இது போதும். கார்த்திகைக்குக் கொழுக்கட்டை அவிக்கவும், குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கவும் ஓலை எப்படியும் எங்கிருந்தோ வருகிறதே, அங்கேயே சொல்லிவைத்தால் கிடைக்கும். மட்டையின் கருக்கு அரம் மாதிரி அறுக்கும், அதை வெளியிலேயே வெட்டிவிட்டு ஓலையை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிடுங்கள்.

ஆனால் 'பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க மாமி' என்று போய்க் கேட்காதீர்கள். 'எனக்கு வேற சோலி இல்லியா' என்று பதில் வரும், அதோடு கதை முடிந்தது. அவர் சாயா குடிக்கும் நேரம் பார்த்துத் திண்ணையில் பாயை விரித்து, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களே ஓலையை எடுத்து முடைய ஆரம்பியுங்கள். உங்களுக்குத்தான் கைவேலை வராதே, நன்றாகத் தப்பாகும். அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம், அவர் பக்கம் திரும்பவும் வேண்டாம். நீங்கள் தப்பாக முடைவதை ஐந்து நிமிடத்துக்கு மேல் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஓலையை முந்தின நாள் ராத்திரியே ஈரத்துணியில் சுற்றிவைத்துவிடுங்கள். காய்ந்த ஓலையை மடக்கினால் ஒடியும், முதல் திட்டு அதற்குத்தான் விழும்.